கசிந்துவிடுமோ என்ற பயமும் நாலு பேர் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து திருப்பூருக்கு, குன்னத்தூர், பெருமாநல்லூர் வழியாகப் பல வருடம் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவன் நான். அந்த வழியில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை உண்டு, எந்த டீக்கடைக்குப் பின்னால் மறைவு உண்டு என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஒருநாள்கூட எனக்குத் துணியில் ஒண்ணுக்குப் போனதில்லை. போய்விடும் என்ற பயத்திலேயே ஆறேழு வருடம் கழிந்தது. அப்புறம்தான் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. இதைப் பற்றி நாலு இடத்தில் வாய்விட்டுச் சொன்ன பிறகு, சொந்தக்காரர்களும் கூட வேலை செய்தவர்களும் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகள் இவை.

இது ஒரு வியாதியா? இதற்குப் பெயர் உண்டா?

தனியாக ஒரு பெயர் வைத்து யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. ஆளைப் பொறுத்துச் சமூகப் பதற்றம் என்பார்கள், பீதி நோய் (திடீர் திடீரென்று பெரும் பதற்றம் வந்து தாக்குவது) என்பார்கள், வெளியிடப் பயம் என்பார்கள். வெளியிடப் பயம் என்றால் பஸ், கூட்டம், வரிசை என்று சட்டென விலக முடியாத இடங்களைக் கண்டு பயப்படுவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இந்த வெளியிடப் பயத்தை விளக்கும் இடத்திலேயே, அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தை உதாரணமாகச் சொல்கிறது. 2015-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் சிலர், சிறுநீர், மலம் இரண்டையும் பற்றிய இந்தப் பயத்தைத் தனியாக எடுத்து விவரித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. எங்கோ லண்டனில் ஒருவன் எனக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறான்!

மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுக்கு வருவது உடம்பு விஷயம்தானே?

என் மருத்துவர் முதல் நாளிலேயே கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். நீங்கள் மட்டும் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறீர்கள். சுற்றி அரை மைலுக்கு ஆள் இல்லை. மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் போகிறது. அங்கே நனைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு இளநீர் குடிப்பீர்கள். அதே சொட்டு ஒரு கல்யாண மண்டபத்தில், வெள்ளை வேட்டியில் விழுந்தால்?

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் அதே சிறுநீர்தான். மண்டபத்தில் பார்க்கிற கண் இருக்கிறது, தோப்பில் இல்லை. நான் பயந்தது அந்தக் கண்ணுக்கு.

மனநல ஆராய்ச்சியில் இதற்கு 'எதிர்மறை மதிப்பீட்டுப் பயம்' என்று பெயர். அதாவது மற்றவர்கள் நம்மைக் குறைவாக எடைபோட்டுவிடுவார்களோ என்ற பயம். 1969-ல் வாட்சன், ஃப்ரெண்ட் என்ற இருவர் இதை அளக்க 30 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். இன்றும் அதுவும் அதன் சுருக்கப் பதிப்பும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பயம் மனதில் ஏற்கெனவே இருப்பவருக்கு, அது வந்து குந்த ஓர் இடம் வேண்டும். சிலருக்கு மேடைப் பேச்சில் குந்தும், சிலருக்குக் கை நடுக்கத்தில். எனக்கும் உங்களுக்கும் மூத்திரப்பையில் குந்திவிட்டது.

எல்லோருக்கும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மானத்தைவிட, உடம்பு தன் சொல் கேட்காமல் போகிறதே என்பதுதான் பெரிய திகில். தோப்பிலும் அவர்கள் பதறுவார்கள். நீங்கள் எந்த வகை என்று அந்தத் தோப்புக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

இது எங்கிருந்து ஆரம்பிக்கிறது? சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பலருக்கு ஒரு சம்பவமும் இருக்காது. எனக்கு ஒன்று இருந்தது, அதுவும் எனக்கு நடந்ததல்ல. நாலாம் வகுப்பில் ஒரு பையன் வாத்தியாரிடம் கேட்கப் பயந்து பெஞ்சிலேயே போய்விட்டான். அன்று மத்தியானத்துக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. இருபது வருடம் கழித்து ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) மனைவி, குழந்தையோடு வந்தவனைப் பந்தலடியில் வைத்து அதே பெயரால் ஒருத்தர் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. நான் இத்தனை வருடம் பயந்த அந்த நாலு பேரில் ஒருவனாக நானும் நின்றிருக்கிறேன்.

பயந்தால் உண்மையிலேயே முட்டிக்கொண்டு வருகிறதே, அது எப்படிக் கற்பனை ஆகும்?

கற்பனை இல்லை. மூத்திரப்பையை எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று பார்த்துக்கொள்வது மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறிய பகுதி. 1925-ல் பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைக் கண்டுசொன்னதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். பதற்றத்தைக் கையாளும் மூளைப் பகுதிகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. அதனால் மனது பதறினால் அவசரம் கூடும். குடலும் இப்படித்தான், பரீட்சை அன்று காலையில் வயிறு கலக்கியது நினைவிருக்கும்.

இன்னொன்று, நாம் எதைக் கவனிக்கிறோமோ அது பெரிதாகத் தெரியும். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் இந்த வரியைப் படிக்கும்வரை அது தெரிந்திருக்காது. இப்போது தெரியும். பஸ் கிளம்பியது முதல் நாம் அடிவயிற்றையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்தால், 50 மில்லி சேர்ந்ததுகூடக் குடம் நிறைந்த மாதிரிதான் இருக்கும்.

கணக்கைச் சொல்கிறேன். பெரியவர்களின் மூத்திரப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி பிடிக்கும். முதல் உணர்வு 150, 200 மில்லியிலேயே வந்துவிடும், அது வெறும் தகவல்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சேர்வது சராசரியாக 60 மில்லிக்கு மேல் சற்றுத்தான். கோபி பஸ் ஸ்டாண்டில் காலி செய்துவிட்டு ஏறினால் திருப்பூர் போவதற்குள் 100 மில்லி சேர்ந்தால் அதிகம். டீயோ நிறையத் தண்ணீரோ குடித்திருந்தால் கூடும். நான் இந்தக் கணக்கை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கணக்கால் மட்டும் பயம் போகாது என்பதும் உண்மை. ஆனாலும் வைத்திருந்தேன்.

நான் ஜாக்கிரதையாகத்தானே இருக்கிறேன்? கிளம்புமுன் மூன்று தடவை போகிறேன், தண்ணீர் குடிப்பதில்லை, வாசல் பக்கத்து சீட்டில் உட்காருகிறேன். அதில் என்ன தப்பு?

என் பட்டியல் இதைவிட நீளம். எப்போதும் கறுப்பு பேண்ட். சட்டையை உள்ளே விடுவதில்லை. கல்யாணங்களில் கடைசிப் பந்தி, அதிலும் ஓரத்து இலை. பந்தியில் நடுவில் எழுந்தால் மரியாதை இல்லை என்பார்களே, அந்த ஒன்றுக்காகவே எத்தனையோ விருந்தை விட்டிருக்கிறேன்.

இந்த ஜாக்கிரதை ஒவ்வொன்றும் அன்றைக்குக் காப்பாற்றும், பயத்தை வளர்த்தும் விடும். பத்திரமாகத் திருப்பூர் போய் இறங்கியதும் மனது என்ன சொல்லும்? 'மூன்று தடவை போனதால் தப்பித்தாய்' என்று சொல்லும். போகாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. உடம்புக்கும் கெடுதல். சும்மா சும்மா காலி செய்தால், பை கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பழகிக்கொள்ளும். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் அதிகமாகும். கல், கிருமித் தொற்று இரண்டுக்கும் வழி. நம்ம பக்கம் வெயிலுக்கு இது நல்லதே இல்லை.

மூன்றாவது ஒரு விளைவு எனக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றவர்கள் அவ்வளவு கவனிக்க மாட்டார்கள் என்கிறார்களே, நம்ம ஊரில் அது நடக்குமா?

பாதி உண்மை. 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிலோவிச் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கூச்சம் தரும்படி ஒரு பாடகர் படம் போட்ட பனியனை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்றார்கள் போட்டவர்கள். உண்மையில் பார்த்தது ஏறக்குறைய கால்வாசி.

சரி, அது முன்பின் தெரியாதவர்கள் இருந்த அறை. நம்ம பக்கம் பஸ்ஸில் ஏறினால் "ஏனுங் தம்பி, நீங்க இன்னார் ஊட்டுப் பையனுங்களா?" என்று கேட்க ஒருவர் இருப்பார். நாலு பேர் என்பது நமக்கு வெறும் சொல்வழக்கு இல்லை. பங்காளி, மச்சாண்டார், சித்தி வீட்டு சம்பந்தி என்று நிஜ முகம் உள்ள நாலு பேர். அவர்கள் பேசவே மாட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். பேசத்தான் செய்வார்கள். ஆனால் முகத்தைப் பார்த்து நாம் பயந்துபோய்க் கிடக்கிறோம் என்றோ, ஒண்ணுக்கு வந்து அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்றோ கண்டுபிடிப்பதில்லை. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிகிறது என்று நமக்குத்தான் தோன்றுகிறது.

பாரியூர் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) ஒரு வருடம் வரிசையில் நின்றேன். விடிய விடியக் கூட்டம். தீயில் இறங்குவதற்கு எனக்குத் துளிப் பயம் இல்லை. அந்த வரிசையில் நிற்பதுதான் பயம். நடுவில் விலகிப் போனால் என்ன நினைப்பார்கள் என்று. அவ்வளவு பேரும் குளித்து ஈரத் துணியோடு நின்றிருந்தோம். எது எதனால் நனைந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அப்போது அது தோன்றவே இல்லை.

பெண்களுக்கு இது வேறு மாதிரியா?

ஆமாம். இங்கே 'எல்லாம் மனசுதான்' என்று பேசுவது அநியாயம். ஆண்கள் ரோட்டோரம் நின்றுவிடுகிறோம். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் எழுந்து போக வேண்டுமென்றால் லைன் நிற்கும், கேட்டுவிட்டுப் போக வேண்டும், எத்தனை தடவை என்று பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை பூட்டியிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே கால் வைக்க முடியாது. காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயத்துக்குக் காரணம் அந்தப் பூட்டு. அதற்கு மருந்து திறந்த, சுத்தமான கழிப்பறை. அதையும் மன வியாதிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எனக்குப் பயம் மட்டுமல்ல, உண்மையாகவே கசிகிறது. தும்மினால், குடம் தூக்கினால் ஆகிறது.

பிரசவத்துக்குப் பிறகும், மாதவிலக்கு நின்ற வயதிலும் இது மிகச் சாதாரணம். இடுப்படித் தசைகள் தளர்வதால் வருவது. அந்தத் தசைகளை இறுக்கிவிடும் பயிற்சியை 1948-ல் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். வயிற்று வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்ளே இழுத்துச் சில விநாடி பிடித்து விட வேண்டும். தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தப்பாகச் செய்கிறவர்கள் நிறைய உண்டு, ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

அவசரமாக முட்டி, போவதற்குள் கசிந்துவிடுவது வேறு வகை. அதற்குப் பையைப் பழக்குவார்கள், மாத்திரையும் உண்டு. சர்க்கரை, கர்ப்பப்பை இறக்கம், வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட், இவற்றையும் பார்த்துவிட வேண்டும். கசிவும் பயமும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் வேண்டும். கசிவு நின்ற பிறகும் பயம் மட்டும் மிச்சமிருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? யாரிடம்?

முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று அடக்க முடியாமல் போய், கூடவே கால் பலவீனமோ, உட்காரும் இடத்தில் மரமரப்போ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது முதுகுத்தண்டு நரம்பு சம்பந்தமாக இருக்கலாம்.

வீட்டில் இருந்தால், லீவு நாளில், தூக்கத்தில் ஒன்றும் இல்லை, வெளியே கிளம்பினால் மட்டும் வருகிறது என்றால் பயத்தின் பக்கம் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கோவை, பெருந்துறை, திருப்பூர் எது பக்கமோ அங்கே போகலாம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022-ல் இருந்து இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். நானும் ஊரில் தெரியக் கூடாது என்று கோயம்புத்தூர் போய்த்தான் பார்த்தேன். அங்கே காத்திருந்தபோது எதிர் பெஞ்சில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பேப்பர் படித்தோம்.

அங்கே என்ன செய்வார்கள்?

எனக்குச் செய்தது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் பேச்சு சிகிச்சை. பயப்படும் இடங்களுக்குச் சின்னதில் இருந்து பெரியதாக ஒரு படிவரிசை போடச் சொன்னார்கள். என் முதல் படி, கிளம்புமுன் ஒரே தடவை மட்டும் போய்விட்டு டவுன் பஸ்ஸில் பாரியூர் வரை. அடுத்தது குன்னத்தூர். அப்புறம் ஜன்னலோர சீட்டில், அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு. கறுப்பு பேண்டுக்குப் பதில் சந்தனக் கலர் பேண்ட் வாங்கியது ஆறாவது படி. கடைக்காரரிடம் இரண்டு தடவை மாற்றிக் கேட்டேன்.

ஒவ்வொரு படியிலும் பயம் உச்சிக்கு ஏறும். நடுவில் இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருந்தால் தானாகவே இறங்கும். குன்னத்தூர் படியில் எனக்கு அது இறங்கவே இல்லை, மூன்று நாள் தோற்றேன். நாலாவது நாள்தான் இறங்கியது. அவசரம் வரும்போது உடனே ஓடாமல் 10, 15 நிமிஷம் தள்ளிப்போட்டு, வாரத்துக்கு வாரம் இடைவெளியைக் கூட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொரு வேலை, கவனத்தை வெளியே திருப்புவது. அடிவயிற்றைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவேன். வீட்டுக்கு வந்த பிறகு 'இன்று என்னை யார் யார் பார்த்தார்கள்' என்று படம் ஓட்டிப் பார்ப்பதையும் நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாத்திரை?

சிலருக்குத் தேவைப்படும். எனக்குச் சில மாதம் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

அப்பாரு (தாத்தா) கோயில், கல்யாணம் எதற்கும் வரமாட்டேன் என்கிறார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

கேட்டுப் பாருங்கள். சிலர் 'முட்டி வலி' என்று சொல்வார்கள், உள்ளே இந்தப் பயம் இருக்கும். மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவைத்து, பக்கத்தில் உட்கார வையுங்கள். எல்லோர் முன்னாலும் "ஒண்ணுக்கு வருதுங்களா அப்பாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். அவர் அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டார்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

என் அம்மாவிடம் சொன்னபோது, "வெசனப்படாத கண்ணு, எல்லாஞ் செரியாப்போகும்" என்றார். மனசுக்கு ஆறுதல், வேலைக்கு ஆகவில்லை. மனைவியிடம் சொன்னதுதான் திருப்பம். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஏனுங்க, இதுக்குத்தானுங்களா எங்க சனத்து விசேஷத்துக்கெல்லாம் பந்தி முடியறப்ப வந்தீங்க?" என்றாள். நான் சீர் நடக்கும்போது வெளியில் நிற்பதையும், இலையில் உட்காராமல் நழுவுவதையும் பார்த்து, அவள் வீட்டுப் பக்கம் "மாப்ளைக்குத் திமிரு சாஸ்தி, நம்ம ஊட்டுச் சோறு எறங்கமாட்டீங்குது" என்று ஏழெட்டு வருடமாகப் பேசியிருக்கிறார்கள். மாமனாருக்கு மனத்தாங்கலே உண்டாம். நான் மேலே சொன்ன மூன்றாவது விளைவு இதுதான். ஒரு பேச்சுக்குப் பயந்து ஓடி, இன்னொரு பேச்சை நானே வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு பொய்யும் இல்லை, அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்கள்.

ஆகவே ஒருவரிடமாவது, நீளமாக இல்லாவிட்டாலும், சொல்லிவிடுங்கள். "எனக்குப் பஸ்ஸிலும் கூட்டத்திலும் ஒண்ணுக்கு வந்துவிடும்னு பயம், டாக்டரைப் பார்க்கிறேன்" என்றால் போதும்.

பேட், டயபர் கட்டிக்கொண்டு போகலாமா?

கசிவு இருப்பவர்கள் தாராளமாக. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பயம் மட்டும் என்றால் அது இன்னொரு கறுப்பு பேண்ட்.

இப்போது உங்களுக்கு முழுக்கச் சரியாகிவிட்டதா?

இல்லை. வேலைப்பளு இருக்கும் வாரங்களில் எட்டிப் பார்க்கும். போன ஆவணியில் மச்சினன் மகள் கல்யாணம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பந்தியில், நடு வரிசையில், மாமனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். ரசம் வரும்போது அடிவயிற்றில் அந்தப் பழைய குத்தல் வந்தது. எழுந்து போகலாமா என்று பார்த்தேன். மாமனார் அப்போது, "மாப்ளைக்கு இன்னொருக்கா பாயசம் ஊத்துப்பா" என்றார். வாங்கிக்கொண்டேன்.